முப்பத்தாறாம் நம்பர் வீட்டில் இன்னொருவர்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாற்பத்து மூன்று வயதில், பேங்கில் பதினெட்டு வருட சர்வீஸ் முடித்து, மூக்குக் கண்ணாடியும் இளந்தொந்தியும் வந்த பிறகு, எங்கள் வீட்டில் எங்களுக்குத் தெரியாமல் இன்னொரு ஆள் குடியிருக்கிறான் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாகப் பன்னிரண்டு நாள். அதை எனக்குச் சொன்னது பேயோட்டியோ ஜோசியக்காரனோ அல்ல. பம்பாயில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்.

எண்பதுகளின் கடைசி அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த எங்கள் கிளைக்கு, கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடித்துத் தரும்படி தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கார்டை வைத்துக்கொண்டு நெய்வேலியில் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. பஜாரில் அதை நீட்டினால் கம்பெனி பஸ் பாஸ் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டலில் வாங்கிக்கொள்வதாகக் கேள்வி. ஆனாலும் சுரங்கத்திலும் பவர் ஹவுஸிலும் பர்மனென்ட் ஆனவர்கள் வரிசையாக வந்தார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் போட்டிருக்கிறார், அது போதும்.

எனக்கு இரண்டு வேலை. ஒன்று, விண்ணப்ப பாரம் நிரப்புவது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இரண்டாவது வேலை, விண்ணப்பம் போட்டவருக்கு முடிவை விளக்குவது. பாரத்தைப் பம்பாயில் மனிதர் யாரும் படிப்பதில்லை. அதை யாரோ கம்ப்யூட்டரில் தட்டிப் போடுவார்கள். சம்பளம், சர்வீஸ், வீடு என்று ஒவ்வொன்றுக்கும் அது மார்க் போட்டு, தரலாம் அல்லது கூடாது என்று சொல்லிவிடும். கூடாது என்றால், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட ஒரு காகிதச் சீட்டு வரும். அதில் பெயர், அதற்குக் கீழே ஓர் எண். அந்த எண்ணுக்கு என்ன காரணம் என்று பார்க்க ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். காரணத்தை நேரில், மரியாதையாக எடுத்துச் சொல்ல வேண்டும். முடிவு மனிதர் எடுத்ததல்ல என்பதால் யாரிடமும் முறையிட இடமில்லை என்றும் தெரிவிக்க வேண்டும் என்று சர்க்குலரில் இருந்தது.

மேனேஜர் புத்தகத்தை என் மேஜையில் வைத்தார். "உங்களுக்குத்தான் வாய் இருக்கே. சிரிக்க வச்சு அனுப்பிடுங்க."

அப்படியே செய்தேன். நாலாம் எண் என்றால் சர்வீஸ் போதாது. "இன்னும் கொஞ்சம் வயசாயிட்டு வாங்க, அதுக்கு விண்ணப்பம் போடவேண்டாம்" என்பேன். ஏழாம் எண் என்றால் பிறந்த தேதி ஒத்து வரவில்லை. "நீங்க பொறந்ததே அதுக்கு சந்தேகமா இருக்கு" என்பேன். கார்டு கிடைக்காதவரும் சிரித்துக்கொண்டு போவார். இந்த வேலைக்கென்றே பிறந்தவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பதினொன்றாம் எண் வந்தது.

அது முதலில் வந்தது சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்த ஒருவருக்கு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் கான்ட்ராக்டில் நுழைந்து, பர்மனென்ட் ஆகி, சமீபத்தில்தான் ஃபோர்மேன் ஆகியிருந்தார். அதிகம் பேசமாட்டார். கார்டில் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. மேனேஜர் கேட்டார், மறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாரம் நிரப்பும்போது நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். "ரெண்டு பேருங்க" என்றார். கட்டத்தில் 2 என்று போட்டேன். அவர் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத அடிச்சிடுங்க சார். ஒண்ணுன்னு போடுங்க" என்றார். அழகான பாரத்தைக் கெடுத்துவிட்டாரே என்று மனசுக்குள் முனகிக்கொண்டே அடித்துவிட்டு 1 என்று எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை. நாள் முழுக்க வாய் ஓயாத நான், கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

சீட்டு வந்ததும் அவரை வரச்சொல்லி, புத்தகத்தைப் புரட்டினேன். பதினொன்று: அந்த முகவரியில் வேறொருவர் வசிப்பதாகத் தெரிகிறது. எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "உங்க வீட்ல உங்களுக்குத் தெரியாம யாரோ இருக்காங்களாம். பிடிச்சு வாடகை வாங்குங்க" என்றேன். கவுண்டரில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆம்பளையா, பொம்பளையாங்க?"

அதெல்லாம் அது சொல்லவில்லை என்றேன். அதுவே பதில் என்பது போலத் தலையை ஆட்டினார். "கார்டு வேணாங்க. அந்தச் சீட்ட மட்டும் குடுத்துடுங்க" என்று வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் பக்கத்துக் கூண்டிலிருந்த கேஷியர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அந்த மனிதரின் மனைவி அதே வீட்டில் இறந்து ஏழு மாதம்தான் ஆகிறதாம். பிள்ளைகள் இல்லையாம்.

அடுத்த வாரம் முதல் ஷிப்ட் முடிந்த கையோடு மறுபடி வந்தார். காது மடலில் நிலக்கரித் தூசி பழுப்பாக ஒட்டியிருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"மொதல்ல ரெண்டுன்னு போட்டீங்க இல்ல சார், அப்புறம்தானே அடிச்சீங்க. அடிச்சதக்கூட அது படிச்சிருக்கு."

பேங்கில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பிடரியில் மட்டும் காற்று வேறு பக்கமிருந்து வந்தது போல இருந்தது.

மெதுவாக மீதியையும் சொன்னார். ஃபோர்மேன் ஆனதால் அவருக்கு வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். மாசக் கடைசிக்குள் சம்மதம் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும், இனி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பழைய வீட்டில் இருக்க முடியாமல்தான், ஷிப்ட் முடிந்தும் கேன்டீனிலேயே உட்கார்ந்து பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார். எப்போது கிளம்புவோம் என்று இருந்தவர், இப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்.

"ஆள் இருந்துகினு இருக்கிற வூட்ட எப்பிடிங்க பூட்டிகினு போறது?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் இருந்தது அந்தப் புத்தகம் மட்டும்தான், அதில் பதினொன்றுக்கு ஒரே ஒரு வரிதான். கம்ப்யூட்டர் சொல்வதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவருக்காக வருத்தப்பட எனக்கு ஒருநாள்தான் கிடைத்தது. எண்ணிக்கைக்குக் குறைகிறது என்று மேனேஜர் என்னையும் ஒரு பாரம் போட வைத்திருந்தார். மறுநாள் தபாலில் என் பெயருக்குச் சீட்டு வந்தது. பதினொன்று.

விளக்கம் சொல்ல வேண்டியவனும் நானே, கேட்டுக்கொள்ள வேண்டியவனும் நானே. மரியாதையாக எனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் முறையிட இடமில்லை என்பதையும் தெரிவித்துக்கொண்டேன். சிரிப்பு மட்டும் வரவில்லை.

எங்கள் வீடு என் மனைவி பெயரில் ஒதுக்கியது. அவள் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகளும் அதே பள்ளியில் படித்தாள். காலை எட்டரைக்கு மூவரும் கிளம்பிவிட்டால், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வீடு தனியாக இருக்கும். தனியாக இருந்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு, நாங்கள் இல்லாத அந்த ஏழரை மணி நேரத்தை வீடு என்ன செய்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு தடவை யோசிக்கத் தொடங்கினால் சாட்சிகள் தாமாக வரும். ஆறு தம்ளரில் ஒன்றைக் காணோம். நான் விரித்துப் போட்ட பேப்பர் மடித்திருந்தது. நெய்வேலியில் குழாய்த் தண்ணீர் எப்போதுமே வெதுவெதுப்பாகத்தான் வரும், ஆனால் இப்போது யாரோ சற்று முன் கை வைத்த சூடு மாதிரி பட்டது. அனல்மின் நிலையத்தின் ரீங்காரம் அந்த ஊரில் எல்லாச் சுவருக்குள்ளும் உண்டு. அங்கே வருடக்கணக்காக இருப்பவர்களுக்குக் காதில் விழாது. எனக்கு விழ ஆரம்பித்தது. உள்ரூமில் யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் முனகுவது மாதிரி. நான் அங்கே போனால் சத்தம் ஹாலுக்கு வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் சோப்பு ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்து மனைவியிடம் காட்டினேன்.

"சோப்பு ஈரமா இருந்தா நான் மூஞ்சி கழுவினேன்னு அர்த்தம். நானும் இந்த வீட்லதாங்க இருக்கேன், ஞாபகம் இருக்கா?"

சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்படி ஓர் ஆள் இருந்தால் நல்லதுதான், ரேஷன் கியூவுக்கு அனுப்பலாம், நீங்கள்தான் போவதில்லையே என்றாள். தம்ளர் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து கிடைத்தது. எனக்கு அது சமாதானமாக இல்லை. கிடைத்த தம்ளர் எங்களுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நடுப்பகலில் வீட்டுக்குக் கிளம்பினேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பிடித்துவிடுவது என்று திட்டம். பிடித்து என்ன செய்வது என்பது திட்டத்தில் இல்லை. கையில் குடை இருந்தது.

நடுப்பகல் பிளாக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஷிப்டுக்குப் போனவர்கள் போயிருப்பார்கள், ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். நேர்நேரான தெருக்கள், ஒரே மாதிரி வீடுகள், ஒரே நிறக் கதவுகள், ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட வேலிகள். கொடியில் துணி தொங்கும், ஆள் இருக்காது. அன்று பைப் போட ரோட்டைத் தோண்டியிருந்ததால் கம்பெனி பஸ் சுற்றிப்போய் வேறெங்கோ நிறுத்தியது. நான் இருந்த நிலையில் அது மூளையில் ஏறவில்லை. ஸ்டாப்பில் இறங்கினால் மூன்றாவது சந்து, இடது கை, ஐந்தாவது வீடு. கால் தானாகப் போனது.

36 என்று பலகை, எங்கள் வீட்டு நம்பர். நான் காலையில் பூட்டிவிட்டுப் போன கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

உள்ளே போனேன். அதே ஹால். அதே ஜன்னல், அதே இடத்தில் சுவிட்ச் போர்டு, ஆணி அடித்த அதே இடத்தில் காலண்டர். தரையில் பேப்பரை விரித்துக்கொண்டு, லுங்கி கட்டிய ஓர் ஆள், ஈரத்தலையோடு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தான். திடுக்கிடவில்லை. எதிர்பார்த்திருந்த மாதிரிதான் பார்த்தான்.

குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எத்தனை நாளா இங்க இருக்க?"

சோற்றுக் கை பாதியில் நிற்க, பணிவாகச் சொன்னான்: "நாலு வருஷமா சார்."

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம்.

"எங்க படுப்ப?"

"உள்ரூம்லதான் சார்."

அந்த ரூமில்தான் என் மகள் படுக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவன் எழுந்து, "குவார்ட்டர்ஸ் செக்கிங்குக்கு எஸ்டேட் ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்றான். அப்போதுதான் காலண்டருக்குப் பக்கத்தில் இருந்த கல்யாண போட்டோவைப் பார்த்தேன். மாப்பிள்ளை அவன். பெண் என் மனைவி அல்ல. அந்தக் கணத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை என் மனைவியிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வெளியே வந்து பலகையை மறுபடி பார்த்தேன். 36தான். அதற்குக் கீழே சின்னதாக பிளாக் 18. நாங்கள் இருப்பது 17. டவுன்ஷிப்பில் ஒவ்வொரு பிளாக்கிலும் வீட்டு நம்பர் ஒன்றிலிருந்து தொடங்கும்.

அந்த ஆள் பின்னாலேயே வந்தான். வந்தான் என்ன, வந்தார். "நீங்க பேங்க் சார் இல்ல? நீங்கதானே எனக்கு பாரம் எழுதிக் குடுத்தீங்க" என்று முகம் மலர்ந்து, உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்து காட்டினார். கார்டு. அவருக்குப் போன மாதமே வந்துவிட்டதாம்.

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் பேங்குக்குத் திரும்பினேன். பாரங்களின் கார்பன் காப்பிகளை மேஜையில் பரப்பினேன்.

டவுன்ஷிப்பில் யாரைக் கேட்டாலும் விலாசத்தை ஒரே வரிசையில்தான் சொல்வார்கள்: முதலில் என்ன டைப் குவார்ட்டர்ஸ், பிறகு வீட்டு நம்பர், கடைசியில் பிளாக். நானும் அதே வரிசையில்தான் கட்டத்தில் எழுதியிருந்தேன். வீட்டு நம்பர் முடியும்போது கட்டமும் முடிந்துவிடும். அடுத்த வரி ஊர்ப்பெயருக்கு என்று அச்சடித்திருந்தது. ஆகவே பிளாக் நம்பரை, கடைசிக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்து வெள்ளைத் தாளில், பொடி எழுத்தில், முன்னால் ஒரு கமாவும் வைத்து, அழகாக எழுதியிருந்தேன். எல்லாப் பாரத்திலும். ஒன்றில்கூட விடவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிடைத்தது. கடல் அலைக்குப் பின்னாலிருந்து பேசுவது போல ஒரு பெண் குரல். கட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் தட்டுவோம், வெளியே எழுதியது எங்களுக்கு இல்லாதது போலத்தான் என்றாள். ஆக, அந்தக் கம்ப்யூட்டருக்கு நெய்வேலியில் பிளாக்கே கிடையாது. எல்லா பிளாக்கின் முப்பத்தாறாம் வீடும் ஒன்றன் மேல் ஒன்றாக அமர்ந்து ஒரே வீடாகியிருந்தது. அதில் முதலில் வந்தவருக்குக் கார்டு, அடுத்து வந்த எனக்குப் பதினொன்று. ஃபோர்மேனின் வீட்டு நம்பர் வேறு, அதற்கும் இதே கதைதான். ரிசீவரை வாங்கி நான் இன்னொன்று கேட்டேன்: ஓர் எண்ணை அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தால்? அடித்ததைத் தொடமாட்டோம் என்றாள்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு, முதல் ஷிப்ட் விட்டதும், ஃபோர்மேன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை பிளாக்கை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

ஹாலில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் என்னை உட்காரச் சொல்ல அவர் தயங்கியது தெரிந்தது. பாயை விரித்தார். ஜன்னல் மேடையில் குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்ற கடிதம், கையெழுத்துப் போட்டு, மேலே நான் கொடுத்த சீட்டோடு இருந்தது. வீடு ரீங்காரித்துக்கொண்டிருந்தது. கார்பன் காப்பியை விரித்து, கட்டத்தையும் கட்டத்துக்கு வெளியே இருந்ததையும் காட்டினேன். என் வாழ்நாளில் ஒரு கிண்டலும் இல்லாமல் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

விரலால் கட்டங்களைத் தடவிக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்தினார்.

"அப்ப நான் ரெண்டுன்னு சொன்னது?"

"அது அங்க போகவே இல்லைங்க. ஒண்ணு மட்டும்தான் போச்சு."

"அந்த இன்னொருத்தர்?"

"பம்ப் ஆபரேட்டருங்க. இருபத்தோராம் பிளாக்ல இதே நம்பர் வீடு. கல்யாணம் ஆகாத பையன்."

காப்பியை என்னிடம் நீட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க அன்னைக்கு சிரிச்சிகினே சொன்னீங்க இல்லிங்களா, அதான் நம்பிட்டேன். சிரிச்சிகினு சொல்றவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு."

கார்பன் காப்பியை மடித்துப் பையில் வைத்தேன்.

கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. திருப்பிப் போட்டு, சம்மதம் என்று எழுதித் தரும்படி கேட்டார். புதுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புது பிளாக்குக்குப் போனார். நாற்காலி இரண்டையும் கொண்டுபோனார் என்று கேஷியர் சொன்னார்.

பதினொன்று வாங்கியவர்கள் எல்லோருக்கும் மறுபடி பாரம் போட்டோம். முதல் கட்டத்திலேயே பிளாக் நம்பரை எழுதினேன். ஃபோர்மேனும் வந்து உட்கார்ந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒண்ணு என்றார். அடித்தல் திருத்தல் இல்லாமல் 1 என்று போட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரே தபாலில் கார்டு வந்தது.

அவர் வீட்டிலும் வேறு யாரும் இல்லை, எங்கள் வீட்டிலும் வேறு யாரும் இல்லை. பிளாக் நம்பரை நான் கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.